ஸ்டெர்லிங் ஹேடன்: கடலோடி சொன்ன பெயர்கள்

1947 அக்டோபரில் ஹாலிவுட் பிரபலங்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் வாஷிங்டனுக்குக் கிளம்பியது. ஹம்ஃப்ரி போகார்ட், லாரன் பகால், டேனி கே, இயக்குநர் ஜான் ஹூஸ்டன் என்று பெரிய பெயர்களெல்லாம் அதில் இருந்தன. சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீ கம்யூனிஸ்டா, உனக்குத் தெரிந்த கம்யூனிஸ்டுகள் யார் யார் என்று துருவிக்கொண்டிருந்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு ஒன்று. அதற்கு எதிர்ப்புச் சொல்லத்தான் அந்தப் பயணம். போனவர்களில் ஆறடி ஐந்தங்குல உயரமும் பொன்னிறத் தலைமுடியுமாக இன்னொரு நடிகரும் இருந்தார். பெயர் ஸ்டெர்லிங் ஹேடன்.

1951 ஏப்ரல் 10. அதே வாஷிங்டன், அதே குழு. இந்த முறை ஹேடன் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, தன்னோடு கட்சிக் கூட்டங்களில் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னார்.

நடுவில் மூன்றரை வருடம்தான். அந்த மூன்றரை வருடத்தையும் அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து வருடத்தையும் பற்றி ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அவர் முதலில் அறிமுகமானது ஸ்டான்லி குப்ரிக்கின் ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்’ படத்தில். பல்லில் சுருட்டைக் கடித்துக்கொண்டு, குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலப்பது கம்யூனிஸ்ட் சதி என்று நம்பி, உலகத்தையே அணுகுண்டுப் போருக்குள் தள்ளிவிடும் விமானப்படை ஜெனரல் ஜாக் டி. ரிப்பராக நடித்திருப்பார். கேமரா கீழேயிருந்து அந்த முகத்தைப் பார்க்கும். மலையைப் பார்ப்பதுபோல இருக்கும். வெறிபிடித்த கம்யூனிச எதிர்ப்பாளன் வேடத்தில் இருந்தது யார் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அந்தப் படத்தைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

ஹேடன் நடிப்பதற்காகப் பிறந்தவர் இல்லை. அவரே அதை ஒருபோதும் மறைத்ததில்லை. 1916 மார்ச் 26 அன்று நியூஜெர்சியில் அப்பர் மான்ட்கிளேர் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். ஹேடன் என்பது அந்த மாற்றாந்தகப்பன் தந்த பெயர்தான். குடும்பம் வடகிழக்குக் கடற்கரை ஊர்களில் மாறி மாறி வாழ்ந்தது. பையனுக்குக் கடல் பிடித்துப்போனது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பாய்க்கப்பலில் ஏறிவிட்டான்.

அடுத்த சில வருடங்கள்தான் அவர் வாழ்க்கையிலேயே கறைபடாத பகுதி என்று எனக்குத் தோன்றும். நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ் என்ற மீன்வளக் கடலில் மீன்பிடித் தொழிலாளியாக இருந்தார். நீராவிக் கப்பலில் கரி அள்ளிப்போட்டார். ‘யாங்கி’ என்ற பாய்க்கப்பலில் கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்து உலகைச் சுற்றிவந்தார். இருபத்திரண்டு வயதில் முதல்முறையாகத் தானே கேப்டனாகி, மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்திலிருந்து தாஹித்தி வரை ஒரு கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அட்லாண்டிக்கில் கிளம்பிப் பசிபிக்கின் நடுவில் போய் நிற்கும் பயணம் அது. இயந்திரத்தை நம்பாமல் காற்றையும் நட்சத்திரத்தையும் நம்பிப் போன காலத்தின் கடைசித் தலைமுறை ஆள் அவர்.

கிளாஸ்டர் மீனவர்களின் பாய்க்கப்பல் பந்தயத்தில் அவர் இருந்தபோது, இவன் சினிமா நட்சத்திரம் மாதிரி இருக்கிறானே என்று பத்திரிகைக்காரர்கள் கவனித்துவிட்டார்கள். அங்கிருந்து பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கு வழி பிறந்தது. அவருக்குத் தேவைப்பட்டது சொந்தமாகக் கப்பல் வாங்கப் பணம். ஸ்டூடியோவுக்குத் தேவைப்பட்டது அந்த முகம். சினிமாவிலேயே அழகான ஆண் என்று விளம்பரம் செய்தார்கள். 1941இல் ‘வர்ஜீனியா’, ‘பஹாமா பாசேஜ்’ என்று இரண்டு வண்ணப் படங்கள் வந்தன. இரண்டிலும் கதாநாயகி மேடலின் கரோல். 1942இல் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம், புகழ் ஏறத்தொடங்கிய நேரத்தில், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போருக்குப் போய்விட்டார்.

போனதும் நடிகனாகப் போகவில்லை. ஜான் ஹாமில்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு கடற்படைக் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். பிறகு அமெரிக்காவின் போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். அவரை எடுத்துக்கொண்டது. இத்தாலியின் கிழக்குக் கரையிலிருந்து ஏட்ரியாட்டிக் கடலைக் கடந்து, ஜெர்மானியர்களின் கண்ணில் மண்ணைத் தூவி, யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கொரில்லாப் படைக்கு ஆயுதங்களும் பொருட்களும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. அமெரிக்கா வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தது. டிட்டோவின் அரசும் விருது கொடுத்தது.

ஆனால் பதக்கங்களைவிட அந்த யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுகள்தான் அவர் மனதில் தங்கினார்கள். கையில் ஒன்றுமில்லாமல் நாஜிப் படையை எதிர்த்து நின்ற மனிதர்கள். ஊர் திரும்பியதும் ஹாலிவுட் வாழ்க்கை அவருக்கு வெறும் ஜிகினாவாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. 1946 நடுவில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். ஸ்டூடியோத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு நடிகர் சங்கத்தின் ஆதரவைத் திரட்டுவது கட்சி கொடுத்த வேலை. அதில் வெற்றி கிடைக்கவில்லை. ஆறேழு மாதத்தில் வெளியே வந்துவிட்டார். விஷயம் அவ்வளவுதான். ஒரு ரகசியத்தையும் எவருக்கும் விற்கவில்லை, எந்தச் சதியும் செய்யவில்லை.

அந்த ஆறேழு மாதம்தான் பிறகு கழுத்தைப் பிடித்தது.

1947 விசாரணையில் பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர், காங்கிரஸை அவமதித்ததாக 1950இல் சிறைக்குப் போனார்கள். அதே வருடம் ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. ஹேடன் பயந்துபோனார். தன்னிடம் வந்திருக்கும் ஒருவர் ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர், இப்போது அதைச் சரிசெய்துகொள்ள விரும்புகிறார் என்று அவருடைய வக்கீல், அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் தலைவர் எட்கர் ஹூவருக்குக் கடிதம் எழுதினார். ஹேடன் அப்போது போய்க்கொண்டிருந்த மனநல மருத்துவரும் பேசிவிடுவதே நல்லது என்ற பக்கம்தான் அவரை நகர்த்தினார். கடிதம் போனபின் திரும்பிவர வழியில்லை.

இந்த இடத்தில் அந்த விசாரணையின் பொறி எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குழுவுக்குப் பெயர்கள் புதிதாகத் தேவைப்படவில்லை. பெரும்பாலான பெயர்கள் ஏற்கெனவே எஃப்.பி.ஐ. கோப்புகளில் இருந்தன. தேவைப்பட்டது, ஒரு பிரபலமான வாய் அவற்றை எல்லோர் முன்னாலும் சொல்வது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல மாட்டேன் என்று அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி மௌனமாக இருக்கலாம். அப்படி இருந்தால் சிறை இல்லை, ஆனால் மறுநாளிலிருந்து வேலையும் இல்லை. சரி, என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்லலாமா? முடியாது. தன்னைப் பற்றி வாயைத் திறந்தவர் மற்றவர்களைப் பற்றிய கேள்விக்கு அந்த உரிமையைக் காட்டி ஒதுங்க முடியாது என்று 1951 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. ஹேடனுக்கு மூன்று வாரம் முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்த லாரி பார்க்ஸ் என்ற நடிகர், என்னைச் சேற்றில் தவழவைக்காதீர்கள் என்று கெஞ்சினார். கதவை மூடிக்கொண்டு அவரையும் பெயர் சொல்லவைத்தார்கள். சொன்ன பிறகும் அவருடைய திரைவாழ்க்கை பிழைக்கவில்லை.

ஹேடனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அவருக்கும் இரண்டாவது மனைவிக்கும் இடையே உறவு ஆட்டம்கண்டிருந்தது. ஒத்துழைக்காவிட்டால் பிள்ளைகள் உன் கையில் இருக்க மாட்டார்கள் என்று எஃப்.பி.ஐ. தனக்குத் தெளிவாக உணர்த்தியது, சிறைக்குப் போகவும் பயமாக இருந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார்.

அதனால் சொன்னார். கட்சியில் சேர்ந்ததுதான் தன் வாழ்க்கையிலேயே செய்த மிக முட்டாள்தனமான காரியம் என்று ஆரம்பித்தார். பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்று அவர் ஒரு காலத்தில் நேசித்த பெண்ணுடையது. இன்னொன்று ஆபிரகாம் பொலான்ஸ்கி.

பொலான்ஸ்கியை எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. 1948இல் ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ என்ற படத்தை எழுதி இயக்கியவர். சூதாட்டக் கும்பலின் கதையை வைத்துப் பணம் மனிதனை என்ன செய்யும் என்று காட்டிய படம். முதல் படத்திலேயே அப்படி ஒரு கை. அவர் இயக்கிய அடுத்த படம் வந்தது 1969இல். இருபத்தோரு வருடம். இடையில் வேறு பெயர்களுக்குப் பின்னால் மறைந்து எழுதிப் பிழைத்தார். அவர் விழுந்ததற்கு ஹேடன் ஒருவர் மட்டுமே காரணம் இல்லை. குழுவின் முன் பொலான்ஸ்கி தானும் வந்து பேச மறுத்தார், அதற்கான விலையைக் கொடுத்தார். ஆனாலும் அந்த இருபத்தோரு வருடத்தில் எடுக்கப்படாமல் போன படங்களை நினைக்கும்போது, ஹேடன்மேல் எனக்கிருக்கும் பரிவு சற்றுத் தயங்கி நிற்கிறது.

அந்த ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ படத்தின் நாயகன் ஜான் கார்ஃபீல்ட். ஹேடன் பேசி பதின்மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 23 அன்று, அவர் குழுவின் முன் வந்தார். நான் கம்யூனிஸ்ட் இல்லை, எனக்குக் கம்யூனிஸ்டுகள் யாரையும் தெரியாது என்றார். ஒரு பெயரும் சொல்லவில்லை. வேலை நின்றுபோனது. 1952 மே 21 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 39. அவர் இறுதி ஊர்வலத்துக்கு நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள்.

ஹேடனுக்கு வேலை நிற்கவில்லை. நாட்டுப்பற்று உள்ள ஆண்மகன் என்று பாராட்டினார்கள், படங்கள் குவிந்தன. தான் வெறுக்கும் ஒரு காரியத்துக்காகத் தன்னைப் புகழ்கிறார்களே என்று அந்தப் பாராட்டு அவரை அரித்தது.

1951க்கு முன்னால் வந்த ஒரு படத்தை இங்கே சொல்ல வேண்டும். ஜான் ஹூஸ்டன், ஆமாம், அந்த விமானத்தில் கூட வந்த அதே ஹூஸ்டன், 1950இல் எடுத்த ‘தி ஆஸ்பால்ட் ஜங்கிள்’. நகைக் கொள்ளைக் கதை. அதில் ஹேடன் டிக்ஸ் ஹேண்ட்லி என்ற அடியாள். கெண்டக்கியில் குடும்பம் இழந்துபோன குதிரைப் பண்ணையைத் திரும்ப வாங்குவது ஒன்றுதான் அவன் கனவு. கடைசியில் குண்டடிபட்டு ரத்தம் வழிய காரை ஓட்டிக்கொண்டே ஊருக்குப் போவான். அந்தப் புல்வெளிக்குள் தள்ளாடி நடந்து விழுவான். குதிரைகள் வந்து அவனைச் சுற்றி நின்று முகர்ந்து பார்க்கும். ஹேடனை நடிக்கத் தெரியாதவர் என்பார்கள், அவரே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெரிய உடம்பு எதையும் தாங்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும்போது அதற்குள் ஏதோ ஒன்று மெதுவாக உடைவதைக் காட்டத் தெரிந்தவர் அவர். அதற்குமேல் என்ன நடிப்பு வேண்டும்?

1954இல் நிக்கலஸ் ரே இயக்கிய ‘ஜானி கிட்டார்’. ஜோன் கிராஃபோர்ட் நாயகி. கௌபாய் படம் மாதிரிதான் தெரியும். ஆனால் நடுவில் ஒரு காட்சி. கும்பல் ஒன்று ஓர் இளைஞனைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணும் உங்களோடு சேர்ந்தவள் என்று சொல்லிவிடு, உன்னை விட்டுவிடுகிறோம் என்று ஆசைகாட்டும். உயிருக்குப் பயந்து அவனும் ஆமாம் என்பான். அப்படியும் தூக்கில் போட்டுவிடுவார்கள். 1954இல் அதைப் பார்த்த ஹாலிவுட்காரர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அந்தக் கும்பலில் ஒருவராக நடித்த வார்ட் பாண்ட் நிஜ வாழ்க்கையிலும் ஹாலிவுட்டின் கம்யூனிச எதிர்ப்பு அமைப்பின் முன்னணி ஆள். அதே படத்தின் நாயகன், பெயர் சொன்ன ஹேடன். படப்பிடிப்புத் தளத்தில் அந்தக் காட்சியை எடுத்த நாளில் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்களோ.

1956இல் வந்த குப்ரிக்கின் ‘தி கில்லிங்’கில் குதிரைப் பந்தய மைதானத்தைக் கொள்ளையடிக்கும் ஜானி கிளே. எல்லாம் கணக்காக முடிந்து, கடைசியில் விமான நிலையத்தில் பெட்டி திறந்துகொண்டு பணம் முழுவதும் காற்றில் பறந்துவிடும். தப்பி ஓடு என்று காதலி கெஞ்சும்போது, ஓடி என்ன ஆகப்போகிறது என்பதுபோல அவர் நிற்கும் நிலை ஒன்று உண்டு. மற்றபடி அந்த ஐம்பதுகளில் அவர் நடித்த படங்கள் நிறைய. பெரும்பாலானவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்துக்காக நடித்தார்.

பிறகு 1959. மனைவியைப் பிரிந்து, நான்கு பிள்ளைகளையும் தன்னிடம் வைத்திருந்தார். 1893இல் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கென்று கட்டப்பட்ட ஒரு பழைய வழிகாட்டிக் கப்பலை வாங்கி ‘வாண்டரர்’ என்று பெயர் வைத்திருந்தார். அலைந்து திரிபவன் என்று அர்த்தம். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. அவர் கேட்கவில்லை. நான்கு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கோல்டன் கேட் பாலத்தின் அடியில் புகுந்து, தாஹித்திக்குப் பாய்விரித்தார்.

இதைப் பத்திரிகைகள் சாகசமாக எழுதின. சிலர் பொறுப்பில்லாத தகப்பன் என்றார்கள். சிறு பிள்ளைகளோடு அத்தனை நீளக் கடல்பயணம் ஆபத்தானதுதான், தாயின் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. 1951இல் சிறையை நினைத்தும் பிள்ளைகளை இழந்துவிடுவோம் என்று நினைத்தும் பயந்துதான் நண்பர்களைக் காட்டிக்கொடுத்தார். எட்டு வருடம் கழித்து அதே பிள்ளைகளுக்காக ஒரு நீதிபதியின் உத்தரவை மீறினார், சிறைக்குப் போக நேர்ந்தாலும் சரி என்று. அன்று சொல்லியிருக்க வேண்டிய ‘முடியாது’ என்ற சொல்லை இன்னோர் இடத்தில், தாமதமாக, சம்பந்தமில்லாத ஒருவரிடம் சொன்னதுபோல இருக்கிறது அது.

திரும்பிவந்த பிறகு சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிரே சாசலிட்டோ கரையில், ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ‘பெர்க்லி’ என்ற பயணிகள் படகின் மாலுமி அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். 1963இல் கப்பலின் பெயரிலேயே ‘வாண்டரர்’ என்று புத்தகம் வந்தது. நடிகர்களின் சுயசரிதை என்றால் யாரோ எழுதிக்கொடுத்ததாக இருக்கும். இது அவரே எழுதியது. கடலைப் பற்றிய பக்கங்களில் உப்பு வாசனை அடிக்கும். சாட்சியம் சொன்ன நாளைப் பற்றிய பக்கங்களில் தன்னைத் துளியும் தப்பவிடவில்லை. அந்தக் காரியத்தைச் செய்த நாளிலிருந்து தன்மேல் தனக்கு இருக்கும் அருவருப்பு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது என்று தன் மனநல மருத்துவரிடம் சொல்வதாக ஓர் இடம் வருகிறது. வக்கீல்மேலும் மருத்துவர்மேலும் கோபம் இருந்தது. ஆனால் கடைசியில் வாயைத் திறந்தது நான்தான் என்பதில் அவர் பிடி தளரவில்லை.

பெயர் சொன்னவர்கள் நிறைய. இயக்குநர் எலியா கசான் 1952இல் சொன்னார், சொன்னது சரிதான் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார், 1999இல் கௌரவ ஆஸ்கர் வாங்கியபோது அரங்கில் பலர் எழுந்து நிற்கவில்லை. கசான் ஹேடனைவிடப் பல மடங்கு பெரிய கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் காட்டிக்கொடுத்தவன் என்ற பட்டத்தைத் தன் நெற்றியில் தானே எழுதிக்கொண்ட ஹேடனை நான் மதிக்கிறேன். அதனால் பொலான்ஸ்கியின் இருபத்தோரு வருடம் திரும்பிவந்துவிடாது. அதை ஹேடனும் அறிந்திருந்தார். அவர் மன்னிப்பை எதிர்பார்த்து எழுதவில்லை.

ஆறு வருடம் படமே இல்லாமல் இருந்த அவரை 1964இல் வெளிவந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்’ படத்துக்குக் கூப்பிட்டவர் குப்ரிக். முதல் நாள் வசனமே வரவில்லையாம். டேக்குக்கு மேல் டேக். வியர்த்துக் கொட்டி, குப்ரிக்கிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். உன் கண்ணில் தெரியும் இந்தப் பயம்தான் ஒருவேளை ரிப்பருக்குத் தேவையோ என்னவோ என்று குப்ரிக் தேற்றியதாக ஹேடனே பின்னாளில் சொன்னார். கம்யூனிஸ்ட் பயம் ஒரு நாட்டை எப்படிப் பைத்தியமாக்கும் என்பதை உள்ளேயிருந்து பார்த்தவர் அந்தப் பயத்துக்கே முகம் கொடுத்தார். அதே வருடம் ‘வாண்டரர்’ கப்பல் பசிபிக்கில் ரங்கிரோவா என்ற பவளத்தீவில் மோதி உடைந்தது.

1972இல் ‘தி காட்ஃபாதர்’. நாயகன் மைக்கேலின் தாடையை உடைத்துவிட்டு, பிறகு உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டே குண்டு வாங்கிச் சாகும் போலீஸ் கேப்டன் மெக்லஸ்கி. உலகம் முழுக்க அவரைப் பார்த்திருப்பது இந்தப் படத்தில்தான், பெயர் தெரியாமல். 1976இல் பெர்டலூச்சியின் ‘1900’ படத்தில் இத்தாலிய விவசாயக் கூலிகளின் மூத்தவர் லியோ டால்கோ. பண்ணையாராக பர்ட் லான்காஸ்டர். அறுபது வயதில், நரைத்த தலையோடு, உழைப்பவர்களின் பக்கத்தில் ஹேடன் நிற்பதைப் பார்த்தபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது.

கடைசிக் காலத்தில் ஐரோப்பாவின் கால்வாய்களில் ஒரு சரக்குப் படகில் வாழ்ந்தார். நெஞ்சு வரை நீண்ட தாடி, கையில் எப்போதும் மதுப்பாட்டில். ஜெர்மானியர்கள் சிலர் அந்தப் படகுக்கே போய் அவரைப் பேசவைத்து ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். அதிலும் பேச்சு சுற்றிச்சுற்றி 1951க்கே வந்துவிடுகிறது. 1986 மே 23 அன்று, தன் புத்தகத்தை எழுதிய அதே சாசலிட்டோவில், புற்றுநோயால் இறந்தார். எழுபது வயது.

போன வாரம் ராபர்ட் ஆல்ட்மனின் ‘தி லாங் குட்பை’ படத்தை மறுபடி பார்த்தேன். 1973இல் வந்தது. ஹேடன் அதில் ரோஜர் வேட் என்ற எழுத்தாளர். குடி, எழுத வராத பேனா, தன்மேல் தனக்கே அடங்காத கோபம். வசனங்களில் பெரும்பகுதியை, துப்பறிவாளராக நடித்த எலியட் கூல்டோடு சேர்ந்து அங்கேயே இட்டுக்கட்டிப் பேசியிருக்கிறார்கள். ஓர் இரவுக் காட்சி. கடற்கரை வீட்டின் ஜன்னலருகே எழுத்தாளரின் மனைவியும் துப்பறிவாளரும் பேசிக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிக்கு அப்பால், அவர்கள் கவனிக்காத தூரத்தில், கைத்தடியோடு அவர் அலைக்குள் நடந்துகொண்டிருப்பார். கேமரா இவர்களை விட்டுவிட்டு மெல்ல அவரைத் தேடிப் போகும். இவர்கள் கத்திக்கொண்டு ஓடி, நீரில் விழுந்து, அலைகளோடு மல்லாடுவார்கள். அவர் கிடைக்க மாட்டார். வீட்டு நாய் மட்டும் அந்தக் கைத்தடியை வாயில் கவ்விக்கொண்டு கரையேறி வரும்.